ஆணி அடிக்கலாம்

வீட்டுத் திறப்பு கைக்கு வந்த அன்று நாங்கள் முதலில் வாங்கியது அடுப்பும் அல்ல, கட்டிலும் அல்ல, ஒரு ட்ரில். அடித்துக்கொண்டே துளைக்கிற வகை. அதோடு 6 மில்லிமீற்றர் துளை அலகு ஒன்று, ஓட்டைக்குள் செருகுகிற ரோல் பிளக் ஒரு பைக்கற், ஒரு ரசமட்டம். கடைக்காரர் பில் எழுதிக்கொண்டே, "என்ன ரீச்சர், வீட்டில பெரிய வேலையோ?" என்று கேட்டார். படம் மாட்டப் போகிறோம் என்றேன். "படம் மாட்ட நாலு ஆணி காணுமே" என்றார்.

காணாது. ஏன் காணாது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கல்யாணம் முடித்து 17 வருடங்களில் ஐந்து வாடகை வீடுகள் மாறினோம். ஐந்து வீட்டுக்காரரும் ஐந்து விதமான ஆட்கள், ஆனால் திறப்பைத் தரும்போது எல்லோரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள்: சுவரில் ஆணி அடிக்க வேண்டாம். அவர்களைக் குறை சொல்லவில்லை, ஆணியைப் பிடுங்கும்போது பூச்சும் சேர்ந்து விழும், பிறகு அந்த இடத்துக்கு மட்டும் பெயின்ற் அடித்தால் தழும்பு மாதிரித் தெரியும். ஆனால் 17 வருடம் ஒரு சுவரையும் தொடாமல் வாழ்ந்து பாருங்கள். சொந்தச் சமையலைச் சாப்பிட்டுக்கொண்டு, சொந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு, யாருடையதோ ஒரு வீட்டில் பஸ் வரும்வரை காத்திருக்கிற மாதிரி ஒரு பழக்கம் உடம்பில் ஏறிவிடும்.

அதற்கு முந்திய கதையும் உண்டு. 1990இல் யுத்தத்தால் நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகு அம்மா இருந்த எந்த வீட்டிலும் சுவரில் மூன்று பொருட்கள்தான் இருக்கும்: ஒரு சாமிப்படம், மாலை போட்ட தாத்தாவின் படம், கடையில் கொடுத்த கலண்டர். மூன்றையும் ஒரு நிமிடத்துக்குள் கழற்றிவிடலாம். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, நகை எல்லாம் ஒரு பையில், அந்தப் பை கதவுக்குப் பக்கத்தில். திருகோணமலையில், இந்த ஊரில், என் வயதுக்காரர் பலருடைய வீட்டில் அந்தப் பை இருந்தது. சுவருக்குச் செலவழிப்பது வீண் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை, பார்த்தே படித்துக்கொண்டோம்.

எனவே இந்த வீட்டுக்கு வந்தபோது நான் தீர்மானித்தது ஒன்றுதான். படங்கள் முதலில். மற்றதெல்லாம் பிறகு.

வீடு என்று பெரிதாக நினைக்க வேண்டாம். தொடர்மாடி என்றால் கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் பத்துப் பன்னிரண்டு மாடிகள் நிற்கும். இங்கே கீழே கடை, அதற்கு மேல் இரண்டு வீடுகள், அதற்கும் மேல் நாங்கள். 870 சதுர அடி. ஒரு ஹோல், இரண்டு அறை, குசினி, ஒடுக்கமான ஒரு பல்கனி. ஆனால் திருகோணமலை நகரம் இரண்டு கடலுக்கு நடுவில் கழுத்து மாதிரி இருக்கிற ஊர் என்பதால், மூன்றாம் மாடிக்கு ஏறினால் கிழக்கு யன்னலில் டச்பே கடலும் மேற்கு யன்னலில் உட்துறைமுகமும் தெரியும். காலையில் ஒரு கடலில் இருந்து வெளிச்சம் வருகிறது, மாலையில் மற்றக் கடலில் இருந்து. இந்த வீட்டின் நிறம், படம், விளக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது அந்த வெளிச்சம்தான்.

வாங்கும்போது சுவர் எல்லாம் வெள்ளை. பெயின்ற் அடிக்க வந்தவரும், "ரீச்சர், வெள்ளையே அடிச்சு விடுவம், வீடு பெருசாத் தெரியும்" என்றார். கொழும்பில் வெள்ளைச் சுவர் நன்றாகத்தான் இருக்கிறது. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 33ஆம் ஒழுங்கையில் வாழ்ந்த 11ஆம் இலக்க வீட்டைப் போய்ப் பார்த்திருக்கிறேன், பக்கத்துப் பக்கத்து வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி ஒன்றாக்கிக் கட்டிய வீடு, அங்கே வெள்ளைச் சுவரும் நிழலும் சேர்ந்து செய்கிற வேலையை மறக்க முடியாது. ஆனால் அங்கே வெளிச்சம் முற்றத்தின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வருகிறது. எங்களுக்குக் காலை ஏழு மணிக்கே கடல் தண்ணீரில் பட்டு நேராக ஹோலுக்குள் வந்து விழும். வெள்ளைச் சுவரில் அது பட்டால் கண் கூசும், சுற்றி உள்ள சுவர் அவ்வளவு பிரகாசமாக இருக்கும்போது நடுவில் மாட்டிய படம் இருண்டுபோய்த் தெரியும். இரண்டு நாள் ஒரு படத்தைச் சாத்தி வைத்துப் பார்த்தே இதைக் கண்டுகொண்டேன்.

சரி, என்ன நிறம்? கடையில் தருகிற நிற அட்டையை ஒரு வாரம் புரட்டினேன், ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு அலுமாரியைத் திறந்து சேலைகளைக் கட்டிலில் பரப்பினேன். நிறத்தோடு நிறம் சேர்ப்பது நமக்குத் தெரியாத கலையா? அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து, கத்தரிப்பூ, கிளிப்பச்சை, வெங்காயத்தாள். இத்தனை நிறத்துக்கும் நம்மிடம் பெயர் இருக்கிறது, எது எதோடு ஒத்துப்போகும் என்று கடையில் நின்ற நிற்பிலேயே சொல்லிவிடுவோம். சேலையில் உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம், தலைப்பில்தான் வேலைப்பாடு முழுவதும் கொட்டிக் கிடக்கும். வீட்டையும் அப்படியே பிரித்தேன். சுவர்கள் உடம்பு: வெங்காயத்தாள் நிறம், வெயில் பட்டாலும் கூசாது. கதவு, யன்னல் நிலைகள் கரை: அரக்கு. ஹோலின் தெற்குச் சுவர் மட்டும் தலைப்பு: மயில்கழுத்து. தலைப்பு ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு சுவரை அப்படிச் செய்தால் எதைப் பார்ப்பது என்று கண்ணுக்குத் தெரியாது.

நிறம் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு விஷயம். சுவரில் சின்னச் சதுரமாக அடித்துப் பார்க்காதீர்கள், பக்கத்தில் இருக்கிற பழைய நிறம் ஏமாற்றும். இரண்டு அடி ஹாட்போட் ஒன்றில் இரண்டு தரம் அடித்து, அதை அறை அறையாகத் தூக்கிக்கொண்டு போய், காலையிலும் நாலு மணிக்கும் இரவு பல்ப் வெளிச்சத்திலும் பாருங்கள். நான் முதலில் ஆசைப்பட்ட மயில்கழுத்து இரவில் கறுப்பாகிவிட்டது. ஒரு படி பச்சை கூடியதை எடுத்தபின்தான் சரி வந்தது.

சுவரில் முதலில் ஏறிய படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் ஓவியர் த. சனாதனன், வடக்கில் இடம்பெயர்ந்த ஆட்களிடம் அவர்கள் விட்டுவந்த வீட்டின் வரைபடத்தை நினைவில் இருந்து வரையச் சொல்லி வாங்கி, தன் சித்திரங்களோடு சேர்த்து 2011இல் ஒரு நூலாக்கினார். ஒரு நண்பியின் வீட்டில் அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று இரவு, அம்மாவிடம் ஒரு பென்சிலைக் கொடுத்து எங்கள் பழைய வீட்டைக் கீறித் தாங்கோ என்றேன். அம்மா முதலில் சிரித்தார். "எனக்கு எங்க பிள்ளை கீறத் தெரியும்?" பிறகு போன வருடக் கலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, அடிமட்டம்கூட இல்லாமல் கீறத் தொடங்கினார். விறாந்தை. ஹோல். சாமியறை. குசினியில் அடுப்புப் புகடு. கிணறு, கிணற்றடியில் துவைக்கிற கல், கல்லுக்குப் பக்கத்தில் கப்பல் வாழை. முருங்கை எத்தனை என்று யோசித்து, மூன்று என்று போட்டு, ஒன்றை அழித்து, மறுபடி போட்டார். ஹோல் சுவரில் ஒரு சின்னப் புள்ளி வைத்துப் பக்கத்தில் "ஆணி" என்று எழுதினார். இது என்ன என்று கேட்டேன். "கலண்டர் கொழுவின ஆணி" என்றார். இரண்டு மணித்தியாலம் ஆனது. அளவு எதுவும் சரியில்லை, கிணறு வீட்டில் பாதி. ஆனால் அம்மாவுக்குக் கிணறு அவ்வளவு பெரியது.

அதைத்தான் மயில்கழுத்துச் சுவரில் முதலில் மாட்டினோம். படத்தைச் சுற்றி வைக்கிற மட்டை விளிம்பு, அதுதான் மவுண்ட், அகலமாக வெள்ளையில் வைத்து, மெல்லிய தேக்குப் பிரேம் போட்டு. வருகிற ஆட்கள் முதலில் அதற்குக் கிட்டத்தான் போகிறார்கள். பார்த்துக்கொண்டே நின்று, தங்கள் வீட்டுக் கிணறு எந்தப் பக்கம் இருந்தது என்று சொல்லத் தொடங்குகிறார்கள்.

எந்த உயரத்தில் மாட்டுவது என்பதற்கு நான் கொழும்பில்தான் பாடம் படித்தேன். பார்ன்ஸ் பிளேஸில் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு இப்போது சபுமல் ஃபவுண்டேஷன் என்ற பெயரில் இருக்கிறது. 1943இல் தொடங்கிய '43 குழு'வின் ஓவியங்கள் அங்கே ஒரு மனிதர் குடியிருந்த வீட்டுச் சுவர்களில் தொங்குகின்றன. ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தரணியகல போன்றவர்களின் படங்களை ஒரு வீட்டுக்குள் நின்று பார்ப்பது வேறு அனுபவம். நூதனசாலையில் படத்துக்கு முன்னால் நிற்கிறோம், வீட்டில் படத்தோடு இருக்கிறோம். படத்தின் நடு தரையில் இருந்து 145 முதல் 150 சென்ரிமீற்றர் உயரத்தில் வர வேண்டும் என்பது காட்சிக்கூடங்களின் வழக்கமான கணக்கு, நின்று பார்க்கிற ஆளின் கண்ணுக்கு அது பொருந்தும். ஆனால் வீட்டில் யார் நிற்கிறார்கள்? நாங்கள் கதிரையில் இருக்கிறோம், பின்னேரத்தில் பாய் போட்டுத் தரையில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறோம். எனவே ஹோலில் பாய் போடுகிற பக்கத்துப் படங்களை நடு ஒரு மீற்றர் உயரத்தில் வருகிற மாதிரி இறக்கிவிட்டேன். நின்று பார்க்கிறவருக்குப் பிழையாகத் தெரியும். இருந்து பார்த்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, பேச்சின் நடுவே கண்ணைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

பல படங்களை ஒரே சுவரில் சேர்க்கும்போது, பிரேம் அளவுக்குப் பேப்பரை வெட்டிச் சுவரில் ஒட்டி, இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டு, மாற்றி மாற்றிப் பாருங்கள். ஓட்டை போட்டபின் மாற்றுவது கஷ்டம். அதோடு சுவர் எதனால் கட்டியது என்று தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் உட்சுவர்கள் ஓட்டையுள்ள சீமெந்துக் கல், சில இடங்களில் ட்ரில் உள்ளே போனதும் வெறும் வெளி, பிளக் பிடிக்காது. இரண்டு அங்குலம் தள்ளினால் கல்லின் குறுக்குச் சுவர் கிடைக்கும், அங்கே கெட்டியாக நிற்கும். இப்படித் தேடித் தேடி ஓட்டை போடுவதைப் பார்த்து அம்மா ஒரு நாள், "என்ன பிள்ளை, சுவரை அரிதட்டாக்கிறியோ?" என்று கேட்டார். பார்க்க முடியாமல் அறைக்குள் போய்விட்டார். அம்மாவுக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். மற்ற நாட்களில் அவர் கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்துத் துளைத்தோம்.

படங்களை எங்கே வாங்கினேன் என்று பலர் கேட்கிறார்கள், ஏதோ பெரிய காசு வேண்டும் என்று நினைத்துக்கொண்டு. மட்டக்களப்பு கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்கே ஓவியம் படிக்கிற பிள்ளைகள் கண்காட்சி வைக்கும்போது போய்ப் பாருங்கள். பஸ் நிலையத்தில் காத்திருக்கிற நாலு பெண்களைக் கரியால் வரைந்த ஒரு பெரிய படத்தை ஒரு மாணவியிடம் வாங்கினேன், இரண்டு மாதச் சம்பளத்தில் பிரித்துக் கொடுத்தேன், அவருக்கும் அது பெரிய உதவி. ஒரு பெண்ணின் கையில் இருக்கிற பையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் பை ஞாபகம் வரும். கொழும்பில் 1993 முதல் நடக்கிற கலா பொல என்ற தெருவோர ஓவியச் சந்தையும் நல்ல இடம், ஓவியரே படத்துக்குப் பக்கத்தில் நிற்பார், பேசலாம், எப்படிச் செய்தீர்கள் என்று கேட்கலாம். சோபாவின் நிறத்துக்குப் பொருந்துகிற படம் தேடி மட்டும் போகாதீர்கள். சோபா துணியை ஐந்தாறு வருடத்தில் மாற்றுவோம், படம் இருக்கும். எங்கள் சோபாவுக்குத் துணி மருதமுனை நெசவு, படங்கள் ஏறிய பிறகு அவற்றைப் பார்த்து எடுத்தது.

கலா பொலவில் வாங்கிய எண்ணெய் ஓவியம் நாலடி அகலம். இரவுப் பஸ்ஸில் அதை எப்படிக் கொண்டுவருவது? அதை வரைந்தவரே வழி சொன்னார். சட்டத்தில் இருந்து கன்வஸைக் கழற்றி, பெயின்ற் உள்ள பக்கம் வெளியே வருகிற மாதிரிச் சுருட்ட வேண்டும். உள்ளே வைத்துச் சுருட்டினால் பெயின்ற் நெரிபட்டு வெடிக்கும். என் கணவர் ஹாட்வெயார் கடைக்குப் போய் 6 அங்குல பீவீசீ குழாய் ஒரு துண்டு வாங்கிவந்தார், அதன் மேல் மெல்லிய தாள் வைத்துச் சுற்றி, வெளியே பொலித்தீன். பஸ்ஸில் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு இருந்தோம். காலையில் ஊருக்குள் வரும்போது கடற்கரை வீதியில் மான்கள் நின்றன, அந்தக் காட்சியோடு சேர்த்தே எனக்கு அந்தப் படம் ஞாபகம்.

இனி உப்பு.

கடலுக்குப் பக்கத்தில் வீடு வைத்திருக்கிறவர்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் வாசியுங்கள், நான் ஒரு படத்தைக் கொடுத்துக் கற்றுக்கொண்டது. எங்களிடம் ஒரு நீர்வண்ண ஓவியம் இருந்தது, உட்துறைமுகத்தில் மாலை நேரம், என் வகுப்பில் முன்பு படித்த ஒரு பிள்ளை வரைந்து பரிசாகத் தந்தது. ஒரு பிரேம் கடையில் கொடுத்துக் கண்ணாடி போட்டு, படுக்கை அறையில் வடகிழக்குச் சுவரில் மாட்டினேன். இந்த ஊரில் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை வாடைக்காற்றோடு வரும், அந்த மழை நேராக அடிப்பது வடகிழக்குச் சுவரில். ஜனவரியில் ஒரு நாள் படத்தைத் தற்செயலாகக் கிட்டப் போய்ப் பார்த்தேன். வானத்தில் மஞ்சள் புள்ளிகள். கழற்றித் திருப்பினால் பின்பக்கம் பூஞ்சணம். பிரேம் கடையில் சாதாரண மட்டையைப் பின்னால் வைத்து, கண்ணாடியைப் படத்தோடு ஒட்ட வைத்திருக்கிறார்கள், சுவரின் ஈரம் மட்டையில் ஏறி, போக வழியில்லாமல் படத்தில் தங்கிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு நான் இன்னும் இதைச் சொல்லவில்லை. மனதுக்குள் கனமாகத்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு செய்தவை இவை. தாளில் வரைந்த படம் எதையும் வெளிச்சுவரில் மாட்டுவதில்லை, உட்சுவர் மட்டும். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இடைவெளி இருக்க வேண்டும், மவுண்ட் வைப்பது அழகுக்காக மட்டுமல்ல, அந்த இடைவெளிக்காகவும்தான். மட்டை அமிலம் இல்லாததாக இருக்க வேண்டும், இங்கே கிடைக்காவிட்டால் கொழும்பில் எடுப்பிக்கலாம், சாதாரண மட்டையின் அமிலம் சில வருடத்தில் தாளைப் பழுப்பாக்கிவிடும். பிரேமின் பின்பக்கம் நாலு மூலையிலும் போத்தல் தக்கையைச் சின்ன வட்டமாக வெட்டி ஒட்டுகிறேன், சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றுப் போகும். ஈரப்பதம் காட்டுகிற சின்னக் கருவி ஒன்றை ஹோலில் வைத்திருக்கிறேன். 65 சதவீதத்துக்கு மேலே நாள்கணக்காக நின்றால் பூஞ்சணம் வரும், வாடைக் காலத்தில் எங்கள் வீட்டில் அது 80ஐயும் தாண்டும், அந்த நாட்களில் கதவைச் சாத்திவிட்டு மெல்ல ஃபேன் ஓடவிடுகிறோம். கச்சான் காலத்தில் நிலைமை தலைகீழ், மே தொடக்கம் ஓகஸ்ட் வரை மேற்கில் இருந்து வருகிற அந்தச் சூட்டுக் காற்றில் மரம் உலர்ந்து பிரேமின் மூலைகள் வாய் பிளக்கும். வருடத்துக்கு இரண்டு முறை, வாடை தொடங்க முன்பும் கச்சான் தொடங்க முன்பும், எல்லாப் படத்தையும் கழற்றித் திருப்பிப் பார்க்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போகும்.

கொளுக்கியும் முக்கியம். இரும்பு ஆணி கடற்காற்றில் ஒரு வருடத்தில் துருப்பிடித்துச் சுவரில் சிவப்புக் கண்ணீர் விடும், வயர் அறுந்து படம் விழுந்த வீடுகளும் உண்டு. பித்தளைக் கொளுக்கி எடுங்கள், அல்லது 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சாதாரண 304 வகை கடற்கரையில் புள்ளி புள்ளியாகத் துருவும், 316இல் மொலிப்டினம் கலந்திருப்பதால் உப்பைத் தாங்கும். படகு வேலை செய்கிறவர்களிடம் கேட்டால் அவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. தொங்கவிட வயருக்குப் பதில் மீன்பிடி நைலோன் தங்கூசியைத்தான் பாவிக்கிறேன், பாரமான படத்துக்கு இரட்டையாக.

படகு என்றதும் அடுத்தது. ஹோலில் இருக்கிற மிக நீளமான கலைப்பொருள் ஒரு பழைய வள்ளத்தின் பலகை. எல்லோரும் ஃபைபர் படகுக்கு மாறிய பிறகு, உடைந்த மர வள்ளம் ஒன்றைக் கடற்கரையில் விறகுக்குப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஏழடிப் பலகை ஒன்றில் நீலத்துக்கு மேல் பச்சை, அதற்கு மேல் சிவப்பு, திரும்ப நீலம், வருடா வருடம் அடித்த பெயின்ற் எல்லாம் ஒன்றை ஒன்று உரித்துக்கொண்டு தெரிந்தது. கீழ்ப்பக்கம் கடற்புழு துளைத்த ஓட்டைகள். விறகு விலைக்கு மேலே கொஞ்சம் கொடுத்து வாங்கினேன். "இதை என்ன செய்யப் போறீங்கள் அக்கா?" என்று அந்தத் தம்பி கேட்டார், சுவரில் வைக்கப் போகிறேன் என்றதும் உட்கார்ந்து அந்த வள்ளம் எங்கெங்கே போனது என்று அரை மணித்தியாலம் சொன்னார். உப்பு ஏறிய மரத்தை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்து வியர்த்துக்கொண்டே இருக்கும். கீழே முற்றத்தில் பொலித்தீன் விரித்துத் தொட்டி மாதிரிச் செய்து, நல்ல தண்ணீரில் மூன்று கிழமை ஊறப்போட்டோம், இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி. பிறகு நிழலில் ஒன்றரை மாதம். வெயிலில் வைத்தால் முறுக்கிக்கொள்ளும். பெயின்றுக்கு மேலே எதுவும் பூசவில்லை, பின்பக்கம் மட்டும் கறையானுக்கு மருந்து. இப்போது சோபாவுக்கு மேலே குறுக்கே நிற்கிறது, அதை வரைந்தவர் என்று யாரும் இல்லை, முப்பது வருடம் பெயின்ற் அடித்த மீனவர்களும் கடலும்தான்.

வெளிச்சத்தைப் பற்றி. தாளில் வரைந்த படத்துக்கு நூதனசாலைகள் 50 லக்ஸ் அளவே வெளிச்சம் கொடுக்கின்றன, எண்ணெய் ஓவியத்துக்கு 200 வரை. நடுப்பகல் நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸ். காலை வெயில் கால் மணித்தியாலம் படத்தில் நேராகப் பட்டாலும் வருடம் முழுதும் சேர்த்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால்தான் மாணவியின் கரிப்படம் தவிர வேறு எதுவும் கிழக்கு யன்னலுக்கு எதிரே இல்லை, கரி வெளிறாது. இரவுக்கு, பல்ப் பெட்டியில் சீஆர்ஐ என்று ஓர் எண் போட்டிருக்கும், அந்த வெளிச்சத்தில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதற்கான எண், அது 90க்கு மேலே இருப்பதாக எடுங்கள். விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் குறைந்ததில் சிவப்பு எல்லாம் செத்துப்போய்த் தெரியும், அரக்கு மண்ணாகிவிடும். நிறம் 3000 கெல்வின் போதும். நடுவில் தொங்குகிற ஒற்றை வெள்ளை ரியூப்லைற்றைக் கழற்றியதுதான் இந்த வீட்டில் மிகக் குறைந்த செலவில் நடந்த மிகப் பெரிய மாற்றம். இப்போது சுவரைப் பார்த்த நாலு சின்ன விளக்குகள், மற்ற இடம் அரைநிழல். வாசிக்கக் கதிரைக்குப் பக்கத்தில் தனி விளக்கு.

குசினியில் பெரிதாக ஒன்றும் இல்லை. எண்ணெய்ப் புகை படும் இடம், எனவே கழுவக்கூடியது மட்டும். பழைய இரும்புக் கடையில் எடுத்த தகர போட் ஒன்று, மூன்று மொழியிலும் கையால் எழுதியது, ஏதோ ஒரு சில்லறைக் கடையுடையது. அந்தத் தமிழ் எழுத்தின் வளைவுகளை எழுதியவர் தூரிகையை எங்கே அழுத்தி எங்கே தூக்கினார் என்று இன்றும் தெரிகிறது. பலகைக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் அது மட்டும்.

படுக்கை அறையில் நீர்வண்ணம் இருந்த சுவரில் இப்போது பன்பாய் தொங்குகிறது, சிவப்பும் ஊதாவும் சாயம் போட்டது. பாயைச் சட்டத்துக்குள் போடாதீர்கள், அது மூச்சு விட வேண்டும். மேல் விளிம்பில் துணியால் உறை தைத்து, அதற்குள் ஒரு மரக்கோலைச் செருகி, கோலைத் தொங்கவிட்டால் பாரம் சமமாகப் பரவும். மகளின் அறையில் தரையில் இருந்து நாலடி வரை அவளுடைய எல்லை, என்ன வேண்டுமானாலும் வரையலாம், வருடப் பிறப்புக்கு ஒருமுறை படம் எடுத்து வைத்துவிட்டுப் புதிதாகப் பெயின்ற் அடிக்கிறோம். அவளுக்கு ஆணி அடிக்க அனுமதி கேட்கிற பழக்கம் இல்லை. ட்ரில்லை எனக்கும் பிடிக்கத் தாங்கோ என்று கேட்டு, போன மாதம் தன் கையாலேயே ஒரு ஓட்டை போட்டாள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரம், தைப்பொங்கலுக்கு முந்தின நாள், அம்மா கடையில் இருந்து ஒரு கலண்டரைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். நாள் தாள் கிழிக்கிற கலண்டர், மேலே பெரிய முருகன் படம், பளீர் என்ற மஞ்சளும் ரோசும். ஹோலில் மாட்ட வேண்டும் என்றார். நான் குசினிக்குள் கதவுக்குப் பின்னால் இடம் காட்டினேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் கலண்டரை மேசையில் வைத்துவிட்டுப் போனார். இரவு முழுதும் அது மேசையில் சுருண்டு கிடந்தது.

மறுநாள் பொங்கி முடிந்து, பேசிக்கொண்டு இருக்கும்போது அம்மா கீறிய வீட்டைப் பார்த்தேன். ஹோல் சுவரில் அந்தப் புள்ளி. கதவால் உள்ளே வருகிறவருக்கு வலது கைப்பக்கம், சாமியறைக்கு இந்தப் பக்கம். எங்கள் ஹோலில் கதவால் வருகிறவருக்கு வலது கைப்பக்கம் மயில்கழுத்துச் சுவரின் தொடக்கம், அங்கே ஒரு முழம் இடம் வெறுமையாகத்தான் இருந்தது. எதை மாட்டுவது என்று ஆறு மாதம் யோசித்துக்கொண்டிருந்த இடம்.

ட்ரில்லை எடுத்தேன். அம்மா இந்த முறை அறைக்குள் போகவில்லை. பக்கத்தில் வந்து நின்று, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் பதிச்சு அடி பிள்ளை, எனக்குக் கை எட்ட வேணும், தாள் கிழிக்கிறது நான்தானே" என்றார்.